ஆயாவ புதன்கிழமை பத்திர ஆபீஸ் கூட்டிட்டு போறாங்க, செட்டில்மெண்ட் போடலாமா வேணாமா?

கொருக்குப்பேட்டை பையன்:

வணக்கம் மக்களே, கொஞ்சம் அவசரம், நீளமா தான் இருக்கும், பொறுத்துக்கோங்க. எங்க அம்மாவப் பெத்த ஆயாவுக்கு 77 வயசு. தாத்தா ஹார்பர்ல வேல பாத்தவரு, 1978ல சொந்த சம்பாத்தியத்துல கொருக்குப்பேட்டைல கால் கிரவுண்டு சொச்சம், 620 சதுர அடி வாங்கி மொதல்ல ஓட்டு வீடு போட்டு அப்புறம் 92ல தளம் போட்டாரு. 2011ல தவறிட்டாரு, உயில் கியில் எதுவும் எழுதல. பசங்க மூணு பேரு. எங்கம்மா தான் மூத்தவங்க, 86ல கல்யாணம் ஆயிடுச்சு, அதுக்கப்புறம் பெரிய மாமா, சின்ன மாமா.

ஆயா கீழ முன் ரூம்ல இருக்காங்க, பெரிய மாமா குடும்பம் மாடில. அந்த மாடிய 2008ல தாத்தா இருக்கறப்பவே பெரிய மாமா தான் அவரு பி.எஃப். பணத்த எடுத்து கட்டுனாரு, அத மறைக்க விரும்பல. சின்ன மாமா மீஞ்சூர்ல வாடகைக்கு இருக்காரு.

இப்ப மேட்டர் என்னன்னா பெரிய மாமா வீட்ட அவரு பேருக்கு ஆயாவ செட்டில்மெண்ட் (உயிரோட இருக்கறப்பவே காசு வாங்காம சொத்த மாத்திக் குடுக்கற பத்திரம்) எழுதித் தரச் சொல்றாரு, பையன் படிப்புக்கு லோன் வாங்கணுமாம், எப்படி இருந்தாலும் நான் தானே உன்ன பாத்துக்கறேன்னு பேச்சு. வர்ற புதன்கிழமைக்கு டோக்கனே போட்டாச்சு. ஆயாவும் தலைய ஆட்டிட்டாங்க. ஆனா போன ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்கு வந்து சாப்ட்டு கை கழுவிட்டு, முந்தானைல கைய தொடச்சிக்கிட்டே எங்கம்மா கிட்ட மெதுவா கேட்டாங்க, "கையெழுத்து போட்டுட்டா என்ன மாடிக்கு ஏத்திடுவாங்களாடி?"ன்னு. அந்த மாடிப்படி ஒரு ஆள் போற அகலம் தான், கைப்புடி கெடையாது, ஆயாவுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. முன் ரூம ஷட்டர் போட்டு கடைக்கு விடப் போறதா ஒரு பேச்சு ஓடுது.

வீட்டு வரி, மெட்ரோ வாட்டர், கரண்ட் பில் எல்லாம் ஆயா பேர்ல தான் இருக்கு, தாத்தா போனதும் வாரிசு சான்றிதழ் குடுத்து மாத்துனோம். பட்டா மட்டும் இன்னும் தாத்தா பேர்ல. என் கேள்வி சிம்பிள், ஆயா எழுதிக் குடுத்துட்டு அப்புறம் பிரச்சனை வந்தா கேன்சல் பண்ண முடியுமா? இல்ல உயிலா எழுதலாமா? பெரிய மாமா கெட்டவரு இல்ல, மாமி பேச்சு கொஞ்சம் ஜாஸ்தி அவ்ளோ தான்.

---

தண்டையார்பேட்டை தாஸ்:

தம்பி உங்க அம்மாவுக்கு இதுல பேசவே ரைட்ஸ் கெடையாது. 89க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கு சொத்துல பங்கு இல்ல, இது தமிழ்நாட்டு சட்டம். ஆயா யாருக்கு வேணா எழுதலாம். கூட இருந்து பாத்துக்கற பையனுக்கு எழுதறதுல இன்னா தப்பு?

---

ராயபுரம்காரி:

தாஸ் அண்ணா, இந்த 89 கதைய சொல்லி சொல்லியே நம்ம ஏரியால எத்தன அக்காங்கள ஏமாத்தி இருக்காங்க தெரியுமா. 1989 மார்ச் 25 தேதி வச்சு பேசற அந்த தமிழ்நாட்டு திருத்தம் பூர்வீக கூட்டுக் குடும்ப சொத்துக்கு. அதுவே 2005ல சென்ட்ரல் சட்டம் மாறினதுக்கு அப்புறம் பழைய கத, கல்யாணம் ஆனவங்களுக்கும் உண்டு, 2020ல சுப்ரீம் கோர்ட்டே அத தெளிவா சொல்லிடுச்சு.

இங்க அந்த பேச்சே வேணாம். தாத்தா சொந்த சம்பளத்துல வாங்கின சொத்து, உயில் இல்லாம போயிட்டாரு. 1956ல வந்த இந்து வாரிசு சட்டம் 8ஆம் பிரிவு படி பொண்டாட்டி, பையன், பொண்ணு எல்லாரும் ஒரே வரிசை, பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆச்சுன்னு யாரும் கேக்கறதில்ல.

கொருக்குப்பேட்டை தம்பி, நீங்க கவனிக்காம விட்டது ஒன்னு இருக்கு. அந்த வீடு ஆயா வீடே இல்ல. வரி ரசீது யார் பேர்ல இருந்தாலும் அது ஓனர்ஷிப் ஆகாது, வரி கட்டறாங்கன்னு மட்டும் தான் அர்த்தம், கரண்ட் பில்லும் அதே. 2011ல தாத்தா கண்ண மூடுன அன்னிக்கே வீடு நாலு பங்கா ஆயிடுச்சு, ஆயாவுக்கு ஒன்னு, உங்கம்மாவுக்கு ஒன்னு, மாமாங்களுக்கு ஆளுக்கு ஒன்னு. ஆயா முழு வீட்டையும் எழுதிக் குடுத்தாலும் செல்லுபடி ஆகறது அந்த கால் பங்குக்கு தான். மிச்ச முக்கால்ல பெரிய மாமாவோட பங்கு போக பாதி வீட்ட நாளைக்கு உங்கம்மாவும் சின்ன மாமாவும் கேஸ் போட்டு கேக்கலாம். அப்ப ஆயா தான் கூண்டுல நிக்கணும், 80 வயசுல.

---

கொருக்குப்பேட்டை பையன்:

அய்யோ அக்கா, இது எங்க யாருக்குமே தெரியாது. ஆயா பேர்ல வரி இருக்குன்னு ஆயா வீடுன்னே பேசிட்டு இருக்கோம் பதினஞ்சு வருஷமா. பெரிய மாமாவுக்கும் தெரியாதுன்னு தான் நெனைக்கறேன்.

---

காசிமேடு வலைக்காரன்:

எங்க வீட்டு கதைய சொல்றேன் கேளு தம்பி. எங்க நைனா 2016ல தம்பிக்கு செட்டில்மெண்ட் போட்டுக் குடுத்தாரு, "அன்பின் மிகுதியால்"னு எழுதி ரெண்டு பக்கம், சாப்பாடு போடணும்னோ வச்சு பாத்துக்கணும்னோ ஒரு வரி கெடையாது. சொந்தப் புள்ளைகிட்ட கண்டிஷன் போடறது அசிங்கம்னு நெனச்சாரு. ஒரு வருஷம் நல்லா தான் போச்சு. அப்புறம் தம்பி வீட்ட அடமானம் வச்சு படகு எஞ்சின் எடுத்தான், நைனாவ பின்னாடி ஷெட்டுல கட்டில் போட்டு படுக்க வச்சான், மழைல ஒழுவும். சாப்பாடு ஒரு வேளை வரும் ஒரு வேளை வராது.

நான் தான் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல (வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்ல, வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ்) மனு போட வச்சேன். 2007ல வந்த பெத்தவங்க, மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டம்னு ஒன்னு இருக்கு, அதுல ஆர்.டி.ஓ. தான் ஜட்ஜு மாதிரி. 60 வயசு தாண்டி இருந்தா போதும், பெருசா செலவும் இல்ல. மாசாமாசம் ஜீவனாம்சமும் கேக்கலாம், சட்டத்துல அதுக்கு 10,000 ரூபா உச்சவரம்பு. எழுதிக் குடுத்த சொத்த ரத்து பண்ணச் சொல்லியும் கேக்கலாம், அது 23ஆம் பிரிவு.

நோட்டீஸ் தம்பி கைக்கு போச்சு பாரு, அன்னிக்கு சாயங்காலமே அவன் பொண்டாட்டி சங்கரா மீன் கொழம்பு தூக்குவாளில எடுத்துக்கினு வந்து நைனா முன்னாடி வச்சிட்டு, மாமா சாப்புடுங்கன்னு நின்னா. நைனா கண்ணுல தண்ணி. அடுத்த வாய்தால, "எம்புள்ள நல்லா பாத்துக்கறான் சார்"னு சொல்லி மனுவ வாபஸ் வாங்கிட்டாரு. நான் வெளிய பெஞ்சுல உக்காந்துகினு இருந்தேன். அந்த கொழம்பு ஒரு மாசம் வந்துச்சு. 2021ல நைனா போயிட்டாரு, ஷெட்டுலேர்ந்து தான் தூக்கினோம்.

அதான் சொல்றேன், கேன்சல் பண்ண வழி இருக்கான்னு கேக்காத, வழி இருக்கு. பெத்தவங்க அத பண்ணுவாங்களான்னு கேளு.

---

பத்திரம் எழுதறவன்:

வடசென்னைல ஒரு பதிவு ஆபீஸ் வாசல்ல 20 வருஷமா பத்திரம் எழுதறேன். எழுதினா தான் எனக்கு காசு, அப்பவும் சொல்றேன், புதன்கிழம டோக்கன விட்டுடுங்க.

வலைக்காரன் அண்ணன் சொன்ன 23ஆம் பிரிவு பத்தி இன்னும் கொஞ்சம். சட்டத்துல எழுதி இருக்கறது, பாத்துக்கணும்ங்கற நிபந்தனையோட எழுதிக் குடுத்து, அவங்க பாத்துக்கலன்னா, அந்த பத்திரம் ஏமாத்தி வாங்கினதா எடுத்துக்கிட்டு ரத்து பண்ணலாம்னு. பிரச்சனையே அந்த நிபந்தனைல தான். 2022 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஒரு கேஸ்ல, நிபந்தனை இருந்துச்சுன்னு காட்டலன்னா ரத்து இல்லன்னு சொல்லிடுச்சு. 2025 ஜனவரில அதே சுப்ரீம் கோர்ட் வேற கேஸ்ல, இது வயசானவங்களுக்காக வந்த சட்டம், தாராளமா பாக்கணும்னு சொல்லி அம்மா பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு, அதுல பையன் தனியா ஒரு பேப்பர்ல பாத்துக்கறேன்னு எழுதிக் குடுத்திருந்தான். அதுக்கப்புறம் 2025 மார்ச்ல நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட், அன்பு பாசத்துல எழுதிக் குடுத்தாலே பாத்துக்கணும்ங்கறது உள்ளுக்குள்ள இருக்கற நிபந்தனை தான், தனியா எழுதி இருக்கணும்னு அவசியம் இல்லன்னு சொல்லிச்சு. நல்லது தான். ஆனா தீர்ப்ப நம்பி பத்திரத்த சும்மா எழுதறது ரெயின்கோட் இருக்குன்னு கூரைய பிரிச்ச மாதிரி. ஒரு வரி எழுதறதுக்கு என்ன கேடு.

நான் போடற வாசகம் இப்படி இருக்கும்: "எழுதிக்கொடுப்பவர் தமது ஆயுட்காலம் வரை மேற்படி சொத்தின் கீழ்த்தள முன்பக்க அறையில் எவ்வித இடையூறுமின்றி குடியிருந்து அனுபவித்து வரவும், எழுதிவாங்குபவர் அவருக்கு உணவு, உடை, மருத்துவச் செலவு ஆகியவற்றைச் செய்து வரவும், தவறும் பட்சத்தில் இந்த செட்டில்மெண்ட் ரத்து செய்யத்தக்கது." முன்பக்க அறைன்னு குறிப்பா போடறது முக்கியம், "வீட்டில்"னு மட்டும் போட்டா மாடியும் வீடு தானே.

அப்புறம் ஒரு தடவ பதிஞ்ச செட்டில்மெண்ட்ட ஆயா மட்டும் தனியா போய் எனக்கு மனசு மாறிடுச்சுன்னு ரத்து பண்ண முடியாது. ஆர்.டி.ஓ. இல்லன்னா சிவில் கோர்ட். உயில் அப்படி இல்ல, சாகற வரைக்கும் எத்தன வாட்டி வேணா மாத்தலாம், கடைசியா எழுதினது தான் செல்லும்.

---

கொருக்குப்பேட்டை பையன்:

ரொம்ப நன்றிண்ணா. அப்ப உயில்னா ஆயா பேர்ல இருக்கற கால் பங்குக்கு மட்டும் தானே? ஆயாவுக்கு எழுதத் தெரியாது, கைநாட்டு தான். அது செல்லுமா? அப்புறம் சென்னைக்குள்ள உயில்னா ஹைகோர்ட் போயே ஆகணும்னு ஆபீஸ்ல ஒருத்தர் பயமுறுத்துறாரு.

---

பத்திரம் எழுதறவன்:

கைநாட்டு தாராளமா செல்லும். ரெண்டு சாட்சி, ஆயா ரேக வைக்கறத பாத்து அவங்க கையெழுத்து போடணும், அவ்ளோ தான் சட்டம் கேக்கறது. சாட்சி ரெண்டு பேருமே பங்கு வாங்கறவங்களா இல்லாம பாத்துக்கோங்க, ஆயாவ விட சின்ன வயசு ஆளா புடிங்க, நாளைக்கு கேஸ்னா சாட்சி உயிரோட இருக்கணும்ல. எழுத படிக்க தெரியாதவங்கன்னா தமிழ்ல எழுதி, படிச்சுக் காட்டி, புரிஞ்சு ஒத்துக்கிட்டாங்கன்னு கீழ ஒரு வரி கட்டாயம். அன்னிக்கு தேதிக்கு டாக்டர் கிட்ட ஆயா தெளிவா இருக்காங்கன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கி கூட வச்சிருங்க. உயில பதியணும்னு கட்டாயம் இல்ல, ஆனா பதிஞ்சிருங்க. படி ஏற முடியாத நிலைமைன்னா சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதியவும் சட்டத்துல எடம் இருக்கு, மனு குடுக்கணும்.

ஹைகோர்ட் விஷயம், புரொபேட்னு சொல்வாங்க, உயில் உண்மையானது தான்னு கோர்ட்ல வாங்கற சான்று. மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா மூணு ஊருக்கும் வெள்ளக்காரன் காலத்துலேர்ந்து இருந்த வழக்கம், 1925 வாரிசுரிமை சட்டத்துல 213ஆம் பிரிவு. அதனால தான் நம்ம ஊர்ல பாதி பேரு உயில்னாலே ஓடிப்போய் செட்டில்மெண்ட் போட்டாங்க. 2025 டிசம்பர்ல பார்லிமெண்ட்டுல அந்த பிரிவையே எடுத்துட்டாங்க. ஆபீஸ்காரர் பழைய கதை சொல்றாரு. வாரிசுங்களுக்குள்ள சண்டைன்னா எப்படியும் கோர்ட் தான், அது வேற.

---

ராயபுரம்காரி:

எனக்கு என்னமோ இதுல பெரிய மாமாவ வில்லனாக்காம ஒரு வழி இருக்குன்னு தோணுது. அவரு 2008ல பி.எஃப். எடுத்து மாடி கட்டினது நெஜம். அப்பா மனைல மகன் கட்டினா அது தானா மகன் சொத்து ஆயிடாது, ஆனா அந்த பணத்த இல்லன்னு சொல்றதும் நியாயம் இல்ல. அந்த பயத்துல தான் மனுஷன் அவசரப்படறாரோ என்னவோ, நாளைக்கு அக்காவும் தம்பியும் பங்கு கேட்டா நான் கட்டின மாடி என்ன ஆகும்னு.

நாலு பேரும் உக்காந்து பேசுங்க. உங்கம்மாவும் சின்ன மாமாவும் மாடி வரைக்கும் பெரிய மாமாவுக்கு விட்டுக்குடுத்து பாகப் பிரிவினையா போடலாம், கீழ்தளம் ஆயா ஆயுசு வரைக்கும் ஆயா அனுபவிக்கட்டும், அதுக்கப்புறம் யாருக்கு எவ்ளோன்னு அதுலயே எழுதிக்கோங்க. இல்ல பெரிய மாமா மத்த ரெண்டு பேருக்கும் எதாவது தொகை குடுத்து, அவங்க பங்க விட்டுக்குடுக்கறதா விடுதலைப் பத்திரம் வாங்கிக்கட்டும். லோனுக்கும் அது தான் நல்லது, கால் பங்கு செட்டில்மெண்ட்ட வச்சிக்கிட்டு எந்த பேங்க் லோன் குடுப்பான்? லீகல் ஒப்பீனியன் எழுதற வக்கீல் மொத கேள்வியே மத்த வாரிசு எங்கன்னு தான்.

செலவும் பெருசு இல்ல. குடும்பத்துக்குள்ள செட்டில்மெண்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், எவ்ளோ பெரிய சொத்தா இருந்தாலும் 40,000 தாண்டாது, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், 10,000 தாண்டாது. 2023 ஜூலைல ஏத்தினாங்க, அதுக்கு முன்னாடி 25,000, 4,000.

---

தண்டையார்பேட்டை தாஸ்:

ஓகே 89 மேட்டர்ல நான் தப்பு தான் ராயபுரம்காரி, எங்க மச்சான் வக்கீல் குமாஸ்தா, அவன் சொன்னத சொன்னேன். இனிமே அவன் சொல்ற எதையும் நம்ப மாட்டேன்.

தம்பி, ஆயாவுக்கு ஹார்பர் குடும்ப பென்சன் வருமே, அது எந்த அக்கவுண்ட்ல விழுது, ஏ.டி.எம். கார்டு யார் கிட்ட இருக்குன்னு பாரு. எங்க தெருவுல வீட்ட விட அதுக்கு தான் சண்ட ஜாஸ்தி.

---

கொருக்குப்பேட்டை பையன்:

கார்டு மாமி கிட்ட இருக்கு தாஸ் அண்ணா. நல்ல பாயிண்ட்டு. பின் நம்பர் கார்டு பின்னாடியே பேனால எழுதி இருக்கும், நானே பாத்திருக்கேன். பேங்க்ல நாமினியும் பெரிய மாமா தான், அப்ப அந்த பணம் பூரா அவருக்கு தானா?

---

ராயபுரம்காரி:

நாமினின்னா பேங்க் யார் கைல குடுக்கணும்ங்கறதுக்கு ஒரு பேரு, அவ்ளோ தான். வாங்கி வாரிசுங்களுக்கு பிரிச்சிக் குடுக்க வேண்டியவரு. 2025 நவம்பர்லேர்ந்து டெபாசிட்டுக்கு நாலு நாமினி வரைக்கும் போடலாம், மூணு பசங்க பேரையும் போட்டுருங்க, சண்டையே வராது. கார்ட மொதல்ல வாங்கி பின் நம்பர மாத்துங்க. அத மாமி மேல பழியா போடாம, பேங்க்ல கார்டு மாத்தச் சொன்னாங்கன்னு சொல்லிக்கலாம், பொய் தான், பரவால்ல.

ஆயாவ யாராவது மெரட்டி கூட்டிட்டு போனா 14567 முதியோர் உதவி எண், காசு கெடையாது. வக்கீல் செலவுக்கு பயந்தா 15100 சட்ட உதவி. ஆயா பொம்பள, அதனால வருமானம் எவ்ளோன்னு கேக்காமலே இலவச வக்கீல் கெடைக்கும்.

---

கொருக்குப்பேட்டை பையன்:

அப்டேட் போடறேன், நேத்து தான் புதன்கிழம. செவ்வாக்கெழம நைட்டே அம்மாவும் நானும் போய் பெரிய மாமா கிட்ட நாலு பங்கு கணக்க சொன்னோம். மொதல்ல கத்தினாரு, மாடி கட்டினப்ப எவன் வந்தான்னு. அம்மா தான், "மாடி உன்னுது தான்டா, நான் கேக்க மாட்டேன், அம்மா ரூம மட்டும் தொடாத"ன்னாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் பேசல. கடைசில டோக்கன விட்டுடலாம், சின்னவனையும் வரச் சொல்லுங்கன்னு எழுந்து போயிட்டாரு. மாமி டீ போடல, அது வேற கதை.

ஆயா இது எதுவும் காதுல விழாத மாதிரி டி.வி. பாத்துட்டு இருந்தாங்க. நாங்க கெளம்பறப்ப மட்டும் அலமாரிக்கு அடில இருந்த டிரங்குப் பெட்டிய இழுத்து, மஞ்சப் பைல சுத்தி வச்சிருந்த பத்திரத்த எடுத்து எங்கிட்ட குடுத்து, ஜெராக்ஸ் எடுத்துட்டு ஒரிஜினல இங்கயே கொண்டாந்து வச்சிடணும்னாங்க. பூச்சி உருண்ட வாசன இன்னும் என் பைல அடிக்குது.

ஞாயித்துக்கெழம சின்ன மாமா வராரு. நான் வில்லங்கம் (சொத்து மேல பதிஞ்ச பத்திரம், அடமானம் எல்லாம் காட்டற சான்றிதழ்) போட்டு பாத்தேன், அதுல 1991ல தாத்தா ஒரு சொசைட்டில வீட்ட அடமானம் வச்ச என்ட்ரி நிக்குது, அடைச்சதா எதுவும் இல்ல. தளம் போடறதுக்கு வாங்கினதா இருக்கும். இது எதாவது இடிக்குமா?

---

பத்திரம் எழுதறவன்:

இடிக்கும். லோன் அடைச்சிருப்பாரு, ரசீது பத்திரம் பதியாம விட்டிருப்பாரு, அந்த காலத்துல பாதி பேரு அப்படி தான். ஒரிஜினல் பத்திரம் ஆயா பெட்டில இருக்குன்னா சொசைட்டி திருப்பிக் குடுத்துடுச்சுன்னு தான் தோணுது. ஆனா என்ட்ரி போகணும்னா சொசைட்டி வந்து ரசீது பதிஞ்சு குடுக்கணும். ஞாயித்துக்கெழம ஒரிஜினல திருப்பி வைக்கறப்ப அந்த டிரங்குப் பெட்டிய அடி வரைக்கும் கிளறிப் பாருங்க, ஹார்பர் ஆளுங்க கடைசி தவண கட்டின சீட்ட தூக்கிப் போட்டிருக்க மாட்டாங்க.